மாரிகுப்பத்து மண்மேடுகளும் சுற்றுச்சூழல் விஞ்ஞானத்தின் அடிப்படைகளும்

சுற்றுச்சூழல் விஞ்ஞானம் நம் நாட்டுக் கல்விக்கூடங்களில் கட்டாயப் பாடமாக இடம்பெற்றது கல்வித் துறையாரின் ஆர்வத்தினால் அன்று, எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991ஆம் ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையினால் ஆகும். பின்னர்ப் பல்கலைக்கழக மானியக் குழு பட்டப் படிப்புகள் அனைத்துக்கும் பொதுவாக ஓர் அரையாண்டுப் பாடத்தை வகுத்தளிக்கவே, அதற்கான நூல்கள் மலிந்தன. அவற்றைப் புரட்டினால் குளத்தில் பாசியை மீனும் மீனைக் கொக்கும் உண்ணும் சங்கிலியைக் காணலாம். நீர் ஆவியாகி முகிலாகி மழையாகும் சக்கரத்தைக் காணலாம். கரும்புகை கக்கும் ஆலையொன்றையும், நுரை ததும்பும் வாய்க்கால் ஒன்றையும் தவறாமல் காணலாம். சொல்லியவற்றில் பிழை அதிகமில்லை. ஆனால் அந்த ஆலை என்றும் ஓடிக்கொண்டே இருக்கிறது. அது ஓய்ந்து, சங்கு நின்று, பெயர்ப்பலகை துருவேறி, கணக்குப் புத்தகங்கள் கட்டிவைக்கப்பட்ட பிறகு அவ்விடத்தில் எஞ்சுவது என்ன என்னும் வினாவை அந்நூல்கள் எழுப்புவதில்லை. இக்கட்டுரை எடுத்துக்கொள்வது அவ்வினாவையே. அதற்கு விடை தேடத் தக்க இடம் கோலார் தங்கவயலின் தென்கோடியிலுள்ள மாரிகுப்பம்.

பங்காருப்பேட்டையிலிருந்து பிரிந்து செல்லும் கிளை இருப்புப்பாதை கோரமண்டல், ஊரிகம், சாம்பியன் என்னும் நிலையங்களைக் கடந்து மாரிகுப்பத்தில் முடிகிறது. திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப் பின் மைசூரின் கீழெல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன் என்னும் படையதிகாரி, 1802இல், ஊரிகத்தையும் மாரிகுப்பத்தையும் சுற்றிய நிலத்தில் குடிகள் மண்ணைக் கழுவிப் பொன்னெடுப்பதைக் கண்டு எழுதிவைத்தார். மைக்கேல் லாவெல் என்ற ஐரிஷ்காரர் 1875இல் சுரங்கம் தோண்ட உரிமை பெற்றதும், 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் பொறுப்பேற்றதும், அதன் பின் மைசூர் மைன், சாம்பியன் ரீஃப், நந்திதுருக் எனச் சுரங்கங்கள் பெருகியதும் பலரும் அறிந்த சரித்திரம். 1956இல் மைசூர் அரசு அவற்றை நாட்டுடைமையாக்கிற்று. 1962இல் மத்திய சர்க்கார் ஏற்றுக்கொண்டது. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்னும் ஸ்தாபனம் உருவாயிற்று. 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் இறுதியோடு சுரங்கங்கள் மூடப்பட்டன. இடைப்பட்ட நூற்றிருபது ஆண்டுகளில் இவ்வயல் உலகுக்கு வழங்கிய தங்கம் ஏறத்தாழ 800 டன் என்று கணக்கிடுவர்.

அந்த 800 டன் பொன்னும் வங்கிப் பெட்டகங்களிலும், மக்களின் கழுத்திலும் காதிலும், எந்தெந்தத் தேசத்திலோ இருக்கின்றது. அதைப் பெற்றுத்தந்த பாறையோ மாரிகுப்பத்தை விட்டு எங்கும் போகவில்லை. பொருளை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது, உருமாற்றவும் இடம்மாற்றவும் மட்டுமே முடியும் என்று பிரெஞ்சு ரசாயன அறிஞர் லவாய்சியே பதினெட்டாம் நூற்றாண்டில் நிலைநாட்டிய நியதியே சுற்றுச்சூழல் விஞ்ஞானத்தின் முதல் படி. இந்நியதியைத் தங்கவயலின் கணக்கில் பொருத்திப் பார்க்கலாம். இங்கே கிடைத்த தாதுவில், எல்லாக் காலத்துக்குமான சராசரியாக, டன் ஒன்றுக்கு 15 கிராம் அளவே பொன் இருந்தது. ஆகவே எட்டுக் கிராம் எடையுள்ள ஒரு சவரனுக்காக அரை டன்னுக்கு மேற்பட்ட பாறையைப் பூமியின் அடியிலிருந்து தூக்கி, உடைத்து, மாவாக அரைக்க வேண்டியிருந்தது. கடைசி ஆண்டுகளில் தாதுவின் வளம் டன்னுக்கு ஐந்து கிராமுக்கும் கீழே இறங்கியபோது, அதே சவரனுக்கு ஒன்றரை டன்னும் போதவில்லை. பெண்ணின் திருமணத்துக்கு இருபது சவரன் சேர்த்த குடும்பம், தான் அறியாமலே, பத்து டன் பாறைமாவைத் தங்கவயலில் கொட்டச் செய்திருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. அந்த மாவு இன்று 13 பெருங்குவியல்களாக, மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட அளவில், சில இடங்களில் நூறடிக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. ஊரார் அவற்றைச் ‘சயனைடு மலை’ என்கிறார்கள்.

பாறை மாவாகும்போது அதன் எடை மாறுவதில்லை. ஆனால் அதன் சுபாவம் மாறுகிறது. ஒரு மீட்டர் நீளமும் அகலமும் உயரமும் உள்ள பாறைக் கட்டியின் புறப்பரப்பு ஆறு சதுர மீட்டர். அதே கட்டியை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பருமனுள்ள துணுக்குகளாக அரைத்துவிட்டால், அத்துணுக்குகளின் மொத்தப் புறப்பரப்பு 60,000 சதுர மீட்டர், அதாவது பதினைந்து ஏக்கருக்குச் சற்றே குறைவு. காற்றும் நீரும் பாறையோடு உறவாடுவது அதன் பரப்பில்தான். ஆகையால் பூமியின் ஆழத்தில், பிராணவாயு எட்டாத இருளில், ஏறக்குறைய 270 கோடி ஆண்டுகளாக அசையாது கிடந்த கந்தகத் தாதுக்கள், மேலே வந்து மாவான சில ஆண்டுகளிலேயே வினைபுரியத் தொடங்குகின்றன. தங்கத்தோடு கூடிக் கிடப்பவற்றுள் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் உண்டு. ஆர்சனிக் என்னும் பாஷாணத்தைத் தன்னுள் கொண்ட ஆர்சனோபைரைட் உண்டு. ஈயத் தாதுவும் உண்டு. இவை ஈரமும் காற்றும் பட்டால் பிராணவாயுவோடு சேர்ந்து கந்தக அமிலத்தைப் பிறப்பிக்கும். அமிலம் பிற உலோகங்களைக் கரைத்து நீரோடு அனுப்பும். அப்பாறையிலேயே சுண்ணாம்புச் சத்து போதிய அளவு இருக்குமானால் அமிலம் பிறந்த இடத்திலேயே முறிந்துவிடுவதும் உண்டு. இவ்விரண்டில் எது மேலோங்கும் என்பதை மேட்டின் நிறத்தைப் பார்த்துத் தீர்மானித்தல் இயலாது; குவியலுக்குக் குவியல், அடிக்கு அடி, துளையிட்டு மாதிரி எடுத்துச் சோதித்தே சொல்ல வேண்டும்.

இனி சயனைடைப் பற்றிச் சிறிது விரிவாகப் பேசுதல் அவசியம். ஏனெனில் இம்மேடுகளைப் பற்றிய ஜனங்களின் அச்சம் முழுவதும் அந்த ஒரு பொருளின்மீதே குவிந்திருக்கிறது. கிளாஸ்கோ நகரில் மக்கார்தர் என்பவரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் 1887இல் கண்டறிந்த முறைப்படி, அரைத்த தாதுவை மிகவும் நீர்த்த சயனைடுக் கரைசலில் ஊறவைத்தால் கண்ணுக்குத் தெரியாத பொன்துகளும் கரைந்து வெளிப்படும். அக்கரைசலில் துத்தநாகத்தை இட்டால் பொன் மீண்டும் படியும். ஆயிரம் பங்கு நீருக்கு ஒரு பங்குக்கும் குறைவான சயனைடே இதற்குப் போதும். பாதரசத்தால் பிடிக்க முடியாத பொன்னை இம்முறை பிடித்துக் கொடுத்தது. மீந்த சக்கையோடு மீந்த சயனைடும் மேட்டுக்குப் போயிற்று.

சயனைடு கொடிய விஷம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் விஷங்களில் இரு வகை உண்டென்பதைச் சுற்றுச்சூழல் விஞ்ஞானம் கற்பிக்கிறது. ஒரு வகை, அணுக்களின் சேர்க்கையினால் விஷமாவது. சேர்க்கை கலைந்தால் விஷமும் கலையும். மற்றொரு வகை, மூலப்பொருளே விஷமாவது. அதை எரித்தாலும் புதைத்தாலும் கரைத்தாலும் அது அதுவாகவே இருக்கும். கரியும் நைட்ரஜனும் கூடிய கூட்டாகிய சயனைடு முதல் வகையைச் சேர்ந்தது. வெயிலின் புறஊதாக்கதிர் அதைச் சிதைக்கிறது. மண்ணின் காரத்தன்மை குறையும்போது அது வாயுவாகிக் காற்றில் கலந்து நீர்த்துப்போகிறது. நுண்ணுயிர்கள் அதை உணவாகக் கொள்கின்றன. இரும்போடு பிணைந்துவிட்ட ஒரு பகுதி மட்டும் நெடுங்காலம் தங்கக்கூடும். அப்பிணைப்பில் அதன் வீரியம் வெகுவாக அடங்கியிருக்கும். ஆர்சனிக்கும் ஈயமும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. குடிநீரில் ஆர்சனிக் லிட்டருக்குப் பத்து மைக்ரோகிராமுக்கு, அதாவது ஒரு கிராமை ஒரு லட்சம் லிட்டரில் கரைத்தால் வரும் அளவுக்கு, மேற்படலாகாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் வரையறுத்திருக்கிறது. ஆண்டுகள் பல கடந்த ஒரு மேட்டில் நாம் முதலில் தேட வேண்டியது, தன் வேலையை முடித்துக்கொண்டு பெரும்பாலும் கலைந்துபோயிருக்கக்கூடிய சயனைடை அன்று, கலையவே கலையாதவற்றை. ‘சயனைடு’ என்னும் சொல் திரைப்படத்துக்கும் செய்தித்தாளுக்கும் உகந்த பயங்கரத்தைத் தருவதால், அதன் நிழலில் மற்றவை மறைந்துகொண்டன என்பது நம் அபிப்பிராயம்.

அவ்வாறு மறைந்தவற்றுள் தலையாயது விஷம் என்று யாரும் பெயரிடாத ஒரு பொருள்: தூசி. தங்கவயலின் பொன், குவார்ட்ஸ் எனப்படும் வெண்கல் நரம்புகளில் ஓடியது. குவார்ட்ஸ் என்பது ஆற்றுமணலே. ஆற்றுமணலில் விளையாடிய குழந்தை நோயுற்றதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அதே மணல் ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்குக்கும் கீழான நுண்துகளாகி, அன்று உடைந்த கூர்மையோடு மூச்சில் சேருமானால், அது மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் சுவாசப்பைகளின் கடைசி நுண்ணறை வரையில் சென்றுவிடுகிறது. அங்கே அதை விழுங்கி அழிக்க வரும் வெள்ளணுக்கள் தாமே மடிகின்றன. மடிந்த இடத்தில் தழும்பு திரள்கிறது. தழும்பு திரண்ட இடம் மூச்சுக்கு உதவுவதில்லை. இதுவே சிலிகோசிஸ் என்னும் வியாதி. சற்றே கவனித்தால், இங்கு வேலை செய்வது ரசாயனம் என்பதைவிடப் பரிமாணம் என்பது விளங்கும். அசையாத காற்றில் ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு பருமனுள்ள குவார்ட்ஸ் துகள் மனிதனின் உயரத்திலிருந்து தரையை அடைய மூன்று நான்கு நிமிஷங்கள் ஆகும்; ஆயிரத்தில் ஒரு பங்கு பருமனுள்ள துகளுக்கோ ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகும். சுரங்கத்தில் வெடி வைத்துப் புகை அடங்கிற்று என்று கருதித் தொழிலாளர் உள்ளே நுழைந்த வேளையில், கண்ணுக்குப் புலப்படும் தூசி மட்டுமே அடங்கியிருந்தது.

இந்தியாவில் சிலிகோசிஸ் முதன்முதலாக முறையான ஆய்வின் மூலம் வெளிப்பட்டது இந்தத் தங்கவயலிலேதான். 1947இல் வெளிவந்த அவ்வாய்வில் பரிசோதிக்கப்பட்ட ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளருள் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோரிடம் அந்நோய் காணப்பட்டது. துளையிடும்போது நீரைப் பாய்ச்சித் தூசியை அடக்கும் முறையும், காற்றோட்டத்தைப் பெருக்கும் முறையும் நாளடைவில் நிலைமையைத் திருத்தின. ஆயினும் இந்நோயின் ஒரு விசேஷத்தை இங்கே குறிக்காமல் விட முடியாது. தூசியை விட்டு விலகிய பிறகும் இது வளர்கிறது. சுரங்கத்தைவிட்டு நின்று, ஓய்வுபெற்று, வட ஆர்க்காட்டிலுள்ள தன் சொந்தக் கிராமத்துக்கே திரும்பிப்போய் நல்ல காற்றைச் சுவாசிக்கும் மனிதனுக்கும், அவன் சுவாசப்பையில் முன்பே சேர்ந்துவிட்ட சேமிப்பு தன் காரியத்தைச் செய்துகொண்டேயிருக்கும். காசநோய்க்கும் அது கதவைத் திறந்துவைக்கும். உள்ளே போவது நின்றுவிட்டது என்பதும், உள்ளே இருப்பது நீங்கிவிட்டது என்பதும் ஒன்றல்ல.

இவ்வேறுபாட்டையே சுற்றுச்சூழல் விஞ்ஞானம் ஓட்டம் என்றும் இருப்பு என்றும் இரு சொற்களால் பிரித்துக் கூறுகிறது. ஒரு நாளில் எவ்வளவு வெளியேறுகிறது என்பது ஓட்டம். இதுவரை சேர்ந்து கிடப்பது எவ்வளவு என்பது இருப்பு. ஓட்டத்தை ஆணையிட்டு நிறுத்தலாம். இருப்பு ஆணைக்குக் கட்டுப்படுவதில்லை, அது குறைவதற்குத் தன் காலத்தை எடுத்துக்கொள்ளும். வானத்தில் சேர்ந்துள்ள கரியமிலவாயுவும், கடலில் சேரும் பிளாஸ்டிக்கும், சுரங்கத் தொழிலாளியின் மார்பில் சேர்ந்த மணலும், மாரிகுப்பத்து மேடும் இவ்வகையில் ஒரே ஜாதியைச் சேர்ந்தவை. 2001இல் தங்கவயலில் நின்றது ஓட்டம் மட்டுமே.

மேடுகளின் தூசி சுரங்கத் தூசியைப்போல் அடைபட்டு நிற்பதன்று. திறந்த வெளியில் அது காற்றால் நீர்த்துவிடுகிறது. ஆகவே சுரங்கத்துள் நேர்ந்ததைக் கொண்டு, மேட்டடியில் குடியிருப்போர் அனைவருக்கும் அதுவே நேரும் என்று கூறுதல் நியாயமாகாது. ஆனால் தென்மேற்குக் காற்று ஓங்கி வீசும் ஆனி, ஆடி மாதங்களில் மேட்டின் மேற்பரப்பு கிளம்பிப் புழுதித் திரையாகத் தொழிலாளர் குடியிருப்புகளான லைன்களின்மீது விழுவதும், கதவிடுக்கிலும் சோற்றுப் பானையிலும் படிவதும், குழந்தைகளும் நோயாளிகளும் உள்ள வீடுகளில் அதே காற்றை இரவும் பகலும் சுவாசிப்பதும் பிரத்தியட்சமான விஷயங்கள். சுரங்கத் தொழிலாளி எட்டு மணி நேரத்துக்கு உள்ளே இருந்தான். மேட்டடியில் இருப்பவருக்கு ஷிப்ட் முடிவதேயில்லை.

இம்மேட்டடியில் இருப்பவர் யார் என்பதும் விஞ்ஞானத்துக்குப் புறம்பான வினா அன்று. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் ஜில்லாக்களிலிருந்து வந்த தமிழ் பேசும் மக்களே சுரங்கத் தொழிலாளருள் பெரும்பாலோர். அவருள்ளும் நிலமும் மதிப்பும் மறுக்கப்பட்ட ஒடுக்கப்பட்ட வகுப்பினரே மிகுதி. கூலி தந்த சுரங்கம் அவர்களுக்கு ஓரளவு சுதந்திரத்தையும் தந்தது. அயோத்திதாசப் பண்டிதரின் ‘தமிழன்’ பத்திரிகையை வரவழைத்துப் படித்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மாரிகுப்பத்தில் பௌத்த சங்கம் அமைத்தவர்கள் அவர்கள். நிர்வாகத்தினரின் பங்களாக்கள் தோட்டங்களோடும் நிழல்மரங்களோடும் தள்ளி அமைய, தொழிலாளர் லைன்கள் ஷாப்ட்டுக்கும் மில்லுக்கும் அருகே அமைந்தன. மேடுகள் வளர்ந்ததும் அங்கேதான். யார் இருக்கும் பக்கம் கழிவு கொட்டப்படுகிறது என்று உலகமெங்கும் கேட்டு, சுற்றுச்சூழல் நீதி என்ற பெயரில் தனித்துறையாகவே இன்று வளர்த்திருக்கிறார்கள்.

நீரைப் பற்றி. கோலார் ஜில்லாவில் ஆண்டு முழுதும் ஓடும் நதி கிடையாது. ஏரிகளே அதன் ஜீவன். தங்கவயலுக்குக் குடிநீர், பாலாற்றின் மேற்பகுதியிலுள்ள பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குழாய் வழியாக வந்தது. சுரங்கம் இயங்கியவரையில், ஆழத்தில் ஊறும் நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டிருந்தார்கள். இறைப்பு நின்றபின் மூன்று கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழமுடைய அப்பாதாள வீதிகளில் நீர் ஏறத் தொடங்கிற்று. வெற்றிடத்தை விட்டுச்சென்ற சுரங்கத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடிப்பது தங்கவயலுக்குப் பழைய துயரம். 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் ஆய்வுக்கழகம் இங்கே நிறுவப்பட்டதற்கே அத்துயரம் காரணம். நீர் ஏறி நிரம்பும்போது அந்த அழுத்தச் சமநிலை மறுபடியும் மாறுகிறது. மூடிய பின்னும் நிலம் இடையிடையே அதிர்வது அதனால்தான். ஆழத்து நீர் எந்தத் தாதுக்களைக் கரைக்கிறது, எந்தக் கிணற்றோடு அதற்கு உறவு என்பவை ஆண்டுதோறும் அளந்து பதிவுசெய்ய வேண்டிய காரியங்கள்.

சக்தியின் கதை சுருக்கமானது. தொடக்கத்தில் விறகையும் நிலக்கரியையும் எரித்து இயங்கிய சுரங்கங்களுக்கு, 1902ஆம் ஆண்டு, காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து 92 மைல் தூரம் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். அக்காலத்தில் அது உலகம் வியந்த காரியம். ஆற்றின் வீழ்ச்சி பாறையை அரைக்கும் ஆலையாயிற்று. அரைக்கச் செலவான சக்தி வெப்பமாகச் சிதறிப்போயிற்று. சிதறியதைத் திரட்டி மாவை மறுபடியும் பாறையாக்க எந்த நீர்வீழ்ச்சியாலும் முடியாது. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி இதனினும் அதிகமாக ஒன்றும் சொல்லவில்லை.

உயிர்களும் சூழலும் கொண்டுள்ள உறவை ஆராயும் இயலுக்கு 1866இல் ஜெர்மானியரான ஹெக்கல் பெயரிட்டார்; உயிருள்ளவற்றையும் உயிரற்றவற்றையும் ஒரே அமைப்பாகக் கொள்ளும் கருத்துக்கு 1935இல் ஆங்கிலேயரான டான்ஸ்லி வடிவம் கொடுத்தார். அவ்விருவரின் மாணாக்கன் ஒருவன் சயனைடு மேட்டின்மீது நின்றால், அவன் முதலில் கேட்கக்கூடியது இதுவே: இத்தனை ஆண்டுகள் மழை பெய்தும், அக்கம்பக்கத்து வயலில் புல்லும் புதரும் தழைத்தும், இங்கே மட்டும் பசுமை ஏன் பரவவில்லை? விஷமே காரணம் என்று சொல்லிவிடுதல் எளிது; அது பாதியே உண்மை. மாவான பாறையில் மக்கிய இலையில்லை, நைட்ரஜன் இல்லை, மண்ணை மண்ணாக்கும் புழுவும் பூஞ்சையும் இல்லை. மேற்பரப்பு மழையில் இறுகி வெயிலில் வெடித்துக் காற்றில் பறக்கிறது. விழுந்த விதை வேரூன்றுமுன் அது நின்ற தளமே நகர்ந்துவிடுகிறது. ஆகையால் மேட்டின்மீது மரக்கன்றுகளை வரிசையாக நட்டுவிட்டு வந்தால் மட்டும் காடு உண்டாகிவிடாது. முதலில் வாட்டத்தைத் தாங்கும் புல், பிறகு காற்றிலுள்ள நைட்ரஜனை வேரில் சேர்க்கும் அவரையினத்துச் செடிகள், அவை மக்கியபின் புதர், அதன்பின் மரம் என்று இயற்கை தான் வெற்றுநிலத்தைக் கைக்கொள்ளும் வரிசையையே மனிதனும் பின்பற்ற வேண்டும். கிராமத்து எருவும் ஏரி வண்டலும் ஓர் அடி கனத்துக்கு மேட்டின் மேல் விரிக்கப்பட்டால் பல ஆண்டு வேலை சில ஆண்டுகளில் முடியும். ஆயினும் இவ்வாறு வளர்ந்த புல்லை மாட்டுக்கு மேய்ச்சலாக விடலாமா என்பது வேறு வினா. வேர்வழியாக ஏறும் உலோகம் பாலில் வருமா என்று பார்த்தபிறகே அதற்கு அனுமதி தர வேண்டும்.

இதுவரை கூறியவற்றைச் சட்டம் எவ்வாறு கண்டது? 1972ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஸ்டாக்ஹோமில் மனித சூழலைப் பற்றிய முதல் உலக மாநாடு கூடிற்று. இந்திரா காந்தி அதில் உரையாற்றினார். பாரத் கோல்டு மைன்ஸ் தோன்றியதும் அதே ஆண்டிலேதான் என்பது காலத்தின் விளையாட்டு. மாநாட்டுக்குப் பின் 1974இல் நீர்ச்சட்டமும் 1981இல் காற்றுச்சட்டமும், போபால் பேரழிவுக்குப் பின் 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. இவை யாவும் பெரும்பாலும் குழாயின் வாயிலும் புகைபோக்கியின் நுனியிலும் நின்று அளப்பவை. இயங்குகின்ற தொழிலுக்கு உரிமம் தருபவை, அல்லது மறுப்பவை. குழாயும் புகைபோக்கியும் இல்லாது, உரிமம் கேட்கவும் ஆளில்லாது சும்மா நிற்கும் மேட்டின்முன் அவை வாயடைத்து நிற்கின்றன. சுரங்கத்தை மூடுவோர் நிலத்தைச் சீர்செய்யும் திட்டத்தையும் அதற்குரிய பணத்தையும் முன்கூட்டியே காட்ட வேண்டும் என்ற விதி 2003ஆம் ஆண்டு ஏப்ரலில் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. தங்கவயல் மூடப்பட்டு அப்போது இரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.

மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996இல் வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் இந்நாட்டுச் சட்டத்தின் அங்கமென அறிவித்தது. அவ்வழக்கு வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதித் தோல்பதனிடும் சாலைகள் பாலாற்றுப் படுகையைக் கெடுத்ததைப் பற்றியது. தங்கவயல் தன் தாகத்தைத் தீர்த்துக்கொண்ட அதே ஆற்றின் கீழ்ப்பகுதி அது. தோல்சாலைகளுக்குச் சொந்தக்காரர் கண்ணெதிரே இருந்தார்கள், ஆகவே தண்டம் விதிக்க முடிந்தது. மாரிகுப்பத்து மேட்டுக்கு யாரை நிறுத்துவது? அடிப்பாகம் லண்டன் பங்குதாரர்களின் காலத்தது. நடுப்பாகம் மைசூர் அரசின் கீழ் வந்தது. மேற்பாகம் மத்திய சர்க்காருடையது. பொன்னை வாங்கிய கைகளையும் கூட்டினால் வரிசைக்கு முடிவில்லை. நம் கருத்தில், நாட்டுடைமையாக்கியபோது லாபத்தையும் நஷ்டத்தையும் ஒருசேர ஏற்ற சர்க்கார், மேட்டையும் அன்றே ஏற்றுக்கொண்டது. அதில் வாதத்துக்கு இடமில்லை.

பிற நாடுகளின் அனுபவம் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். 2000ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் ருமேனியாவின் பாயா மாரே நகரருகே பழைய சக்கையிலிருந்து மறுபடியும் பொன்னெடுத்துக்கொண்டிருந்த ஆலையின் தேக்கம் உடைந்து, ஏறத்தாழ ஒரு லட்சம் கன மீட்டர் சயனைடு நீர் திஸா நதி வழியாக டான்யூபை அடைந்தது. ஹங்கேரியில் ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட மீன்கள் மடிந்தன. விபத்து நடந்தது பழைய குவியலில் அன்று, அதைப் பிரித்து மீண்டும் கரைக்கப் புகுந்த புதிய முயற்சியில் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். மற்றொன்று தென்னாப்பிரிக்காவின் ஜோஹன்னஸ்பர்க். 1886இல் தொடங்கிய அத்தங்கவயலின் மேற்குப் பகுதியில் இறைப்பு நின்றபின், நிரம்பிய சுரங்கத்திலிருந்து 2002இல் அமில நீர் தானே தரைக்கு வழிந்தோடத் தொடங்கியது. அங்கும் பழைய மேடுகளைப் பிரித்தெடுத்துப் பொன் காணும் தொழில் பல பத்தாண்டுகளாக நடைபெறுகிறது. நகருக்குள் நின்ற மேடுகள் சில மறைந்தன, நகருக்கு வெளியே புதிய பெருமேடுகள் எழுந்தன.

இந்நிலையில் மாரிகுப்பத்து மேடுகளுக்கு வெளியுலகின் கவனம் மறுபடியும் கிட்டியிருக்கிறது. முதலில் வந்தது சினிமா. தங்கவயலின் பெயரையே தாங்கிய கன்னடப் படத்தின் இரண்டாம் பாகத்தை மேட்டின்மீது எடுத்துக்கொண்டிருந்தபோது, சூழல் கெடுகிறது என்று ஊரார் ஒருவர் வழக்காட, 2019இல் உள்ளூர் நீதிமன்றம் படப்பிடிப்பை நிறுத்திவைத்தது. நூறாண்டுப் பாறைமாவு கேட்பாரற்றுக் கிடந்த இடத்தில், சில வாரப் படப்பிடிப்புக்கு நீதிமன்றத்தின் பார்வை எட்டியதில் ஒரு வேடிக்கை உண்டு. எனினும் அவ்வாணை, மேட்டுக்கும் சட்டம் உண்டென்பதை ஊருக்கு முதன்முதலாக உணர்த்திற்று.

அடுத்து வந்தது ஏலம். 2024ஆம் ஆண்டு ஜூனில், 13 குவியல்களையும் ஏலத்தில் விட்டு மறுபடியும் பொன்னெடுக்க மத்திய சர்க்கார் முன்வைத்த யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை இசைந்தது. இதை எதிர்ப்பதா ஆதரிப்பதா என்று கேட்பவருக்கு, அந்தக் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்குமாறு சொல்வோம். டன்னுக்கு ஒரு கிராம் அளவு பொன் எடுத்தாலும், ஒரு டன்னில் ஒரு கிராம் போக மீதி முழுவதும் திரும்ப எங்கேயோ கொட்டப்பட வேண்டும். எங்கே? அடியில் நீர் கசியாத படுகை இடப்பட்டா, வெறும் தரைமீதா? நிரம்பிய சுரங்கத்துக்குள்ளேயா? ஈரமாகவா, உலர்த்தியா? கந்தகத் தாதுவை முன்னதாகப் பிரித்தெடுத்துவிட்டா, அதோடு சேர்த்தா? வேலை முடிந்தபின் மேல்மண் பரப்பிப் புல் வளர்க்கும் பணம் இன்றே ஒப்பந்தத்தில் கட்டப்படுகிறதா? இவற்றுக்கு எழுத்தில் விடை இருக்குமானால், ஆதரவற்ற ஓர் இருப்பைப் பாதுகாப்பான இருப்பாக மாற்றுவதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்ப்பது அரிது. விடை இல்லையெனில், வேலை என்ற பெயரில் சில நூறு பேருக்குச் சில ஆண்டுக் கூலியும், அதிகாலை ரயிலில் பெங்களூருக்குப் பிழைப்புத் தேடிச் செல்லும் ஆயிரக்கணக்கானோரின் வீடுகளுக்கு மீண்டும் ஒரு தலைமுறைத் தூசியும் கிடைக்கும்.

அதற்கு முன்பாகச் செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு; அதற்குப் பெரும்பணமும் வேண்டியதில்லை. மேட்டைச் சுற்றியுள்ள கிணறுகளிலும் ஆழ்துளைகளிலும் ஏரிகளிலும் ஆர்சனிக், ஈயம், சல்பேட் அளவுகளை மழைக்கு முன்னும் பின்னும் எடுத்துக் குறிக்க வேண்டும். லைன்களின் நடுவே நான்கைந்து இடங்களில் நுண்தூசி அளக்கும் கருவிகளை ஆடிக் காற்றுக்கு முன்பே நிறுத்த வேண்டும். முன்னாள் தொழிலாளர் யாவருக்கும் மார்பு எக்ஸ்ரே எடுத்துப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். முதல் லாரி மேட்டின்மீது ஏறுவதற்கு முந்தைய நிலை என்ன என்பது இப்பதிவுகளில் இல்லையானால், பத்தாண்டுகள் கழித்துக் கிணறு கெட்டுவிட்டது என்று வழக்காடும் மாரிகுப்பத்துக்காரரிடம், அது முன்பே கெட்டிருந்தது என்று ஒப்பந்தக்காரர் சொல்வார். அதை மறுக்க ஒரு துண்டுக் காகிதமும் அவர் கையில் இராது.